கடைக்குப் புதுக் கம்பியூட்டர் வாங்கப் போகிறீர்களா?

பழைய கம்பியூட்டரை மாற்றியே ஆக வேண்டிய கட்டாயம் நம் வியாபாரிகளில் பலருக்கு வந்திருக்கிறது. 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியோடு விண்டோஸ் 10 க்கான வழமையான பாதுகாப்பு அப்டேட்களை மைக்ரோசொப்ட் நிறுத்திவிட்டது. தனிப்பட்ட பாவனையாளர்களுக்கு 2026 ஒக்டோபர் 13 வரை ஒரு வருட நீட்டிப்பை அறிவித்தார்கள். அது நோயாளிக்கு சேலைன் ஏற்றி வைப்பது போலத்தான். சரி, விண்டோஸ் 11 ஐப் போடலாம் என்று பார்த்தால், இன்டெல் என்றால் 8 ஆம் தலைமுறைப் புரொசஸராவது இருக்க வேண்டும், டி.பி.எம். 2.0 இருக்க வேண்டும் என்று நிபந்தனை. வெள்ளவத்தைப் புடவைக் கடைகளிலும் கொட்டாஞ்சேனை ஹார்ட்வெயார் கடைகளிலும் கெஷியர் மேசைக்குக் கீழே தூசி படிந்து ஓடிக்கொண்டிருக்கும் பெட்டிகளில் எத்தனை அந்தத் தகுதியோடு இருக்கின்றன?

"பில் அடிக்கத்தானே, எதற்கு அப்டேட்?" என்று கேட்கும் முதலாளிமார் உண்டு. அந்தக் கம்பியூட்டருக்கு இன்டர்நெட் இணைப்பே இல்லை என்றால் கேள்வி நியாயமானது. ஆனால் பில் அடிக்கும் அதே பெட்டியில்தான் வங்கிக் கணக்கைத் திறந்து சப்ளையருக்குப் பணம் அனுப்புகிறோம். அதே பெட்டியில்தான் வட்ஸ்அப்பில் ஓடர் எடுக்கிறோம். யாருக்கு எவ்வளவு கடன் கொடுத்திருக்கிறோம் என்ற கணக்கும் அதற்குள்தான். பூட்டுத் திருத்துபவன் இனி வரமாட்டான் என்று தெரிந்த பிறகும் அதே கதவை நம்பிக் கடையைச் சாத்திவிட்டுப் போவீர்களா?

மாற்ற வேண்டும் என்பது சரி. ஆனால் காலம் சரியில்லை. 2025 இன் கடைசி மாதங்களில் ரெம் விலை உலகம் முழுவதும் கிடுகிடுவென ஏறியது. செயற்கை அறிவு என்று சொல்கிறார்களே, அதற்காகக் கட்டப்படும் இராட்சத டேட்டா சென்டர்கள் மெமரி சிப்களை மொத்தமாக அள்ளிக்கொண்டு போனதுதான் காரணம். 'குருஷியல்' என்ற பெயரில் ரெம்மும் எஸ்.எஸ்.டி.யும் விற்று வந்த மைக்ரோன் கம்பனி, அந்தச் சில்லறை வியாபாரத்தையே கைவிடுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. நமக்கு இது விளங்காத விஷயமல்ல. ஹோல்சேல்காரன் லொறியோடு வந்து வாசலில் நிற்கும்போது, ஒரு கிலோ இரண்டு கிலோ கேட்பவனை யார் கவனிப்பார்? இங்கே நமக்கு டொலர் விலையும் சேர்ந்துகொள்கிறது. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவளவில் இருந்த டொலர், மே மாதம் 360 ஐத் தொட்டதை யாரும் மறந்திருக்க மாட்டோம். 2024 ஜனவரி 1 முதல் வற் வரி 18 வீதம். ஆகவே, ஒரே நாளில் எல்லாவற்றையும் உயர்ந்த தரத்தில் வாங்கிப் போடுவது சிறு வியாபாரிக்கு ஏற்றதல்ல. இன்றைக்குத் தேவையானதை வாங்க வேண்டும், நாளைக்குச் சேர்க்க இடம் விட்டு வாங்க வேண்டும். கடைக்கு மேல் மாடி கட்டப் பணம் இல்லாவிட்டாலும் தூணைக் கனமாகப் போட்டு வைப்பதில்லையா, அதுபோல.

பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் ஏறி இறங்கியவர்களுக்குத் தெரியும். ஒரு கடையில் கேட்ட விலைக்கும் பக்கத்துக் கடை விலைக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. வித்தியாசமெல்லாம் பெட்டிக்குள் எதைப் போட்டுத் தருகிறார்கள் என்பதில்தான். "நானா, இதுல கேமும் அடிக்கலாம்" என்று அங்குள்ள தம்பி ஆசை காட்டுவார். பில் போட, ஸ்டொக் பார்க்க, எக்ஸல் கணக்கு எழுத கிரஃபிக்ஸ் கார்ட் தேவையே இல்லை. புரொசஸருக்குள்ளேயே படம் காட்டும் வசதி இருந்தால் போதும். இங்கேதான் ஓர் எழுத்தைக் கவனிக்க வேண்டும். இன்டெல் கோர் ஐ3 12100 என்ற புரொசஸர் ஒரு கடைக்குத் தாராளமாகப் போதும். அதன் பெயருக்குப் பின்னால் 'எஃப்' என்று ஓர் எழுத்து ஒட்டியிருந்தால் விலை கொஞ்சம் குறையும், ஆனால் அதில் படம் காட்டும் பகுதி வேலை செய்யாது. தனியாகக் கார்ட் வாங்க வேண்டி வரும், மிச்சம் பிடித்த காசு போல இரண்டு மூன்று மடங்கு போய்விடும். ஏ.எம்.டி. பக்கத்தில் ரைசன் 5 5600 க்குப் படம் காட்டும் வசதி இல்லை, 5600ஜி க்கு இருக்கிறது. கொட்டேஷன் வாங்கும்போது முழுப் பெயரையும் கடைசி எழுத்து வரை எழுதி வாங்குங்கள்.

மதர்போர்ட் விஷயம்தான் பின்னால் மேம்படுத்தலாமா முடியாதா என்பதைத் தீர்மானிக்கிறது. பழைய ஆட்களுக்கு பென்டியம் 4 காலம் ஞாபகம் இருக்கும். 2000 இல் வந்த அந்தப் புரொசஸர், 2004 க்குள் மூன்று வகை சொக்கட்டுகளில் வந்துவிட்டது. முதலாவதை வாங்கியவர் மூன்றாவதைப் போட நினைத்தால் மதர்போர்டையும் தூக்கி எறிய வேண்டும். அதற்கு மாறாக ஏ.எம்.டி.யின் ஏ.எம்.4 சொக்கட்டில் 2017 இல் ரைசன் வந்தது, 2024 இலும் அதற்குப் புதுப் புரொசஸர் வெளிவந்தது. 2022 இல் வந்த ஏ.எம்.5 ஐயும் 2027 வரையாவது தொடர்வோம் என்று அந்தக் கம்பனி சொல்லியிருக்கிறது. இன்டெல்லின் 1700 சொக்கட்டில் 12, 13, 14 ஆம் தலைமுறைகள் மூன்றும் பொருந்தும். அதற்கு மேல் கிடையாது, 2024 இல் வந்த கோர் அல்ட்ரா 200 வரிசைக்கு வேறு சொக்கட்.

அப்படியென்றால் ஏ.எம்.5 ஐயே வாங்கிவிடலாமே? ரெம் மலிவாக இருந்தால் நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் அதற்கு டி.டி.ஆர்.5 ரெம் மட்டும்தான் பொருந்தும். 1700 சொக்கட்டிலோ, டி.டி.ஆர்.4 எடுக்கும் மதர்போர்ட்களும் உண்டு, டி.டி.ஆர்.5 எடுப்பவையும் உண்டு. இரண்டின் வெட்டும் வேறு வேறு இடத்தில் இருப்பதால் ஒன்றை மற்றதில் செருக முடியாது. உங்கள் பழைய பெட்டி 6 ஆம், 7 ஆம் தலைமுறை என்றால் திறந்து பாருங்கள். அவற்றில் பலவற்றில் டி.டி.ஆர்.4 ரெம் இருக்கும், சிலவற்றில் டி.டி.ஆர்.3 இருக்கும். டி.டி.ஆர்.4 ஆக, நீளமான டெஸ்க்டொப் வகையாக இருந்தால், அதைக் கழற்றி டி.டி.ஆர்.4 மதர்போர்டில் போடலாம். வேகம் சற்றுக் குறையும், பில் அடிப்பவருக்கு அது தெரியவே போவதில்லை. பழைய எஸ்.எஸ்.டி. இருந்தால் அதையும் இரண்டாவது டிஸ்க்காகச் சேர்த்துக்கொள்ளலாம். விலை ஏறிய சாமானைப் புதிதாக வாங்காமல் கையிலுள்ளதை வைத்து ஓட்டுவதுதான் வியாபாரம். விலை இறங்கியதும் அடுத்த ஸ்லொட்டுக்கு இன்னொன்று வாங்கலாம். புதிதாகவே வாங்குவதென்றால் 8 ஜீ.பி. ஒன்றைப் போட்டு ஒரு ஸ்லொட்டைக் காலியாக விடுங்கள். இரண்டு 4 ஜீ.பி.யாகப் போட்டுத் தருகிறேன் என்றால் வேண்டாம், பிறகு கூட்டும்போது இரண்டும் வீண்.

கொட்டாஞ்சேனையில் டிஜிட்டல் பிரிண்ட், திருமண அழைப்பிதழ் வேலை செய்பவர்களுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. அவர்களுக்கு 16 ஜீ.பி. தொடக்கம், நல்ல நிறம் காட்டும் மொனிட்டர், பிறகு கிரஃபிக்ஸ் கார்ட். அவர்கள் ஏ.எம்.5 பக்கம் போனால் நான் மறுக்க மாட்டேன்.

ஹார்ட் டிஸ்க்கில் விண்டோஸ் போட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். சாதாரண சாட்டா எஸ்.எஸ்.டி. ஒரு செக்கனில் 550 எம்.பி. வரை படிக்கும், என்.வி.எம்.இ. வகை அதைவிடப் பல மடங்கு. கடைக்கு 500 ஜீ.பி. போதும்.

இனி, எல்லோரும் கஞ்சத்தனம் பண்ணும் இடத்துக்கு வருவோம். பவர் சப்ளை. கேசிங்கோடு இலவசமாக வரும் பவர் சப்ளையில் 500 வொட் என்று பெரிதாக அச்சடித்திருப்பார்கள். அரிசி மூட்டையில் 50 கிலோ என்று இருந்தாலும் தராசில் போட்டுத்தானே வாங்குகிறோம்? இதற்கும் தராசு உண்டு. பக்கவாட்டு லேபிளில் 12 வோல்ட் என்ற கட்டத்துக்குக் கீழே எத்தனை அம்பியர் என்று பாருங்கள். 18 அம்பியர் என்றால் 12 ஐ 18 ஆல் பெருக்குங்கள், 216 வொட்தான். இன்றைய புரொசஸரும் கிரஃபிக்ஸ் கார்டும் பெரும்பாலும் அந்த 12 வோல்ட்டில்தான் ஓடுகின்றன. 80 பிளஸ் முத்திரையுள்ள, பெயர் தெரிந்த கம்பனியின் 450 அல்லது 550 வொட் ஒன்றைத் தனியாக வாங்குங்கள். நாளைக்குக் கிரஃபிக்ஸ் கார்ட் போட்டாலும் தாங்கும், இரண்டு கம்பியூட்டர் மாறினாலும் அது கூடவே வரும். மலிவான பவர் சப்ளை செத்தால் தனியாகச் சாவதில்லை, சில வேளைகளில் மதர்போர்டையும் கூட்டிக்கொண்டு போகும். நோன்புப் பெருநாள் சீசனில், சனம் நிறைந்த இரவில் அது நடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

யூ.பி.எஸ். இல்லாமல் கம்பியூட்டரை எடுத்து வரவே வேண்டாம். 2022 மார்ச் இறுதியில் 13 மணி நேரம் மின்வெட்டு இருந்த நாடு இது. 2025 பெப்ரவரி 9 ஞாயிற்றுக்கிழமை பகலில், பாணந்துறை உப மின் நிலையத்தில் ஒரு குரங்கு மாட்டியதால் முழு நாடும் இருளில் மூழ்கியது, பிறகு சில நாட்கள் ஒன்றரை மணி நேர மின்வெட்டும் வந்தது. 650 வீ.ஏ. யூ.பி.எஸ். ஒன்றில் பொதுவாக 12 வோல்ட் 7 அம்பியர் மணி பெட்டரி ஒன்றுதான் இருக்கும். கையிலுள்ள பில்லை முடித்து, சேவ் பண்ணி, ஒழுங்காக மூடப் பத்து நிமிடம் கிடைத்தால் போதும், மணிக்கணக்கில் ஓட்ட அது ஜெனரேட்டர் அல்ல. லேசர் பிரிண்டரை அதில் மாட்டக் கூடாது. பெட்டரி இரண்டு மூன்று வருடத்தில் தேய்ந்துவிடும், அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

பாவித்த பிராண்ட் பெட்டிகள் மலிவாகக் கிடைக்கின்றனவே என்று கேட்பீர்கள். டெல் ஒப்டிபிளெக்ஸ், எச்.பி. எலைட்டெஸ்க் இரண்டுமே உறுதியான சாமான்கள், கெஷியர் மேசைக்கு மோசமில்லை. ஆனால் ஒப்டிபிளெக்ஸ் 7050, எலைட்டெஸ்க் 800 ஜி3 ஆகியவை 6, 7 ஆம் தலைமுறை, அவற்றை வாங்கினால் விண்டோஸ் 11 பிரச்சினை கூடவே வரும். 7060, 800 ஜி4 முதல்தான் பார்க்க வேண்டும். அவற்றின் பவர் சப்ளையும் மதர்போர்டும் அந்தந்தக் கம்பனிக்கே உரிய அளவு என்பதால் வெளியில் வாங்கிப் போடுவது கஷ்டம். மேம்படுத்தும் எண்ணம் இல்லாதவருக்கு அது நல்ல பேரம். பாவித்த 13, 14 ஆம் தலைமுறை ஐ7, ஐ9 புரொசஸர்களில் மட்டும் அவசரப்படாதீர்கள். வோல்ட்டேஜ் கோளாறால் அவற்றில் சில பழுதாகி, 2024 இல் இன்டெல் கம்பனியே உத்தரவாதக் காலத்தை நீட்ட வேண்டி வந்தது.

மரைன் டிரைவ் பக்கம் கடை உள்ளவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. உப்புக் காற்று தகரத்தை மட்டுமல்ல, ரெம்மின் காலையும் மதர்போர்டின் செம்பையும் அரிக்கும். பெட்டியைக் கதவுக்கு நேரே வைக்காதீர்கள், நிலத்திலிருந்து ஓர் அடி உயர்த்தி வையுங்கள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை தூசி ஊதுங்கள். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் மாலை இடி மின்னல் நேரத்தில் பிளக்கைக் கழற்றிவிடுங்கள், ரௌட்டர் வயரையும் சேர்த்து.

கடைசியாக பில். ஒவ்வொரு பாகத்தின் முழுப் பெயரும், சீரியல் நம்பரும், எத்தனை வருட உத்தரவாதம் என்பதும் தனித்தனி வரியாக இருக்க வேண்டும். 'கம்பியூட்டர் 1' என்று ஒரே வரியில் எழுதித் தந்தால் வாங்காதீர்கள், நாளைக்கு எந்தப் பாகத்துக்கு எவ்வளவு காலம் என்று யாரிடம் வாதாடுவது? வெப்பத் தாள் பில் ஒரு வருடத்தில் வெள்ளையாகிவிடும், அன்றைக்கே போனில் படம் எடுத்து வையுங்கள்.