வெறும் வயிற்றோடு பண்ணை தாண்டுகிறவர்கள்

மண்டைதீவுக் கரையில் நின்றால் பரவைக்கடலுக்கு அப்பால் யாழ்ப்பாண நகரம் தெரியும். அதைக் கடக்கும் பண்ணைத் தெருவால் போனால் பெரியாஸ்பத்திரி சில கிலோமீற்றர்தான். அங்கே வைத்தியம் இலவசம். ஆனால் கிளினிக் கொப்பியோடு மாதாமாதம் போய்வரும் கூலித் தொழிலாளிக்கு அந்த இலவசத்தின் விலை தெரியும்: விடியற்காலை பஸ், அதைத் தவறவிட்டால் ஓட்டோ, அன்றைய உழைப்பு, ஆஸ்பத்திரியில் இல்லாத மருந்தை வெளியே வாங்கும் காசு. 2022 பொருளாதார நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது அந்தக் கடைசிச் செலவு பலருக்குத் தாங்கமுடியாததாயிற்று. அரச ஊழியருக்கு அக்ரஹார காப்புறுதி கைகொடுக்கும். சிறகுவலை போடும் மீனவருக்கு உறவினரும் அடகுக்கடையும்தான் காப்புறுதி.

நிர்வாகப்படி மண்டைதீவு வேலணைப் பிரிவுக்குள் வருகிறது. வேலணையோ யாழ்ப்பாணத்துக்கு எதிர்த்திசையில் இருக்கிறது. ஊர்காவற்றுறை ஆதார வைத்தியசாலை அதற்கும் அப்பால். அலுவலுக்கு ஒரு பக்கம், வருத்தத்துக்கு மறுபக்கம்.

பசியோடு ஒரு பயணம்

சலரோகக்காரருக்கு வெறும் வயிற்றில் இரத்தம் சோதிக்க, எட்டு மணிநேரமாவது சாப்பிடாமல் இருக்கவேண்டும். நகரத்தில் இருப்பவர் எழுந்து நேரே போய் இரத்தம் கொடுத்துவிட்டு, வீடு திரும்பி இடியப்பம் சாப்பிடலாம். நெடுந்தீவிலிருந்து வருபவர் படகேறி, ஒரு மணிநேரம் அலைபட்டு, குறிகட்டுவானில் இறங்கி, பஸ் பிடித்து, பிறகு வரிசையில் நிற்கவேண்டும். ஒரே சோதனை, ஒரே விதி. பட்டினி மட்டும் வேறு.

இதில் ஆபத்தும் இருக்கிறது. வழக்கம்போலக் காலைக் குளிசையைப் போட்டுவிட்டு அல்லது இன்சுலின் ஏற்றிவிட்டுச் சாப்பிடாமல் புறப்பட்டால் சீனி மட்டம் சட்டென்று இறங்கலாம். கைநடுக்கம், குளிர்ந்த வியர்வை, படபடப்பு, தடுமாற்றம் வந்தால் உடனே மூன்று, நான்கு தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கவேண்டும். மயங்கியவரின் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. சோதனை நாளில் காலை மருந்தை எப்போது எடுப்பது என்று முந்திய கிளினிக்கிலேயே கேட்டுவையுங்கள். பொதுவாக இரத்தம் கொடுத்தபின் சாப்பாட்டோடு எடுக்கச் சொல்வார்கள். பையில் பாணோ பழமோ இருக்கட்டும். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி சோதனைக்குப் பட்டினி தேவையில்லை. அது எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை என்றாலும், தூரத்திலிருந்து வருபவர் அதைப்பற்றிக் கேட்பதில் தப்பில்லை.

நோகாத காயம்

பரவைக்கடலில் இறங்கித் தொழில் செய்பவரின் காலைச் சிப்பி வெட்டும், திருக்கை முள் குத்தும். சலரோகம் நாட்பட்டவருக்குப் பாதத்தின் உணர்ச்சி மங்கிப்போயிருக்கும். குதிக்காலில் ஒரு வெட்டு, உள்ளே மணல், ஓரம் வெளுத்துப்போன தோல். “நோகேல்லைத்தானே தங்கச்சி, பிறகு பாப்பம்” என்று மருந்து கட்டும் தாதியிடமே சொல்வார்கள். நோகாததுதான் அங்கே பயப்படவேண்டிய அறிகுறி. ஒரு நாள் உழைப்பு போகுமே என்று தள்ளிப்போட்ட காயம் விரலையும் காலையும் கழற்றும்வரை போவதுண்டு.

ஒவ்வொரு இரவும் இரண்டு பாதங்களையும் விரலிடுக்கோடு பாருங்கள். குனிய முடியாதவர் நிலத்தில் கண்ணாடியை வைத்துப் பார்க்கலாம், அல்லது பிள்ளையைப் பார்க்கச் சொல்லலாம். தண்ணீருக்குள்ளும் சப்பாத்து வேண்டும். காயத்துக்குச் சுடுதண்ணீர் ஒத்தடம் வேண்டாம். உணர்ச்சியில்லாத கால் வெந்துபோவது தெரியாது.

1990க்கு என்ன சொல்வது

வாய் கோணுவது, ஒரு கை தூக்கமுடியாமல் போவது, பேச்சுக் குழறுவது பாரிசவாதத்தின் அடையாளங்கள். இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பெரும்பாலும் நாலரை மணிநேரத்துக்குள் கொடுக்கவேண்டும். அதற்கு முன் ஸ்கான் எடுத்து, இரத்தக்கசிவு இல்லை என்று உறுதிசெய்யவேண்டும். மண்டைதீவிலிருந்து இந்த நேரம் போதும். அது பெரும்பாலும் வீட்டில்தான் வீணாகிறது, “கொஞ்சம் படுத்தால் சரியாகும்” என்று.

1990 என்ற இலக்கத்தில் அழைக்கும் சுவசெரிய அம்புலன்ஸ் சேவை 2018 ஜூலையில் வடக்குக்கு வந்தது. அழைப்பும் பயணமும் இலவசம். 1990ஆம் ஆண்டுப் போர்க்கால இடப்பெயர்வுக்குப்பின் வெறுமையான வளவுகளுக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாக வீடுகள் இருக்கும் மண்டைதீவில், முகவரி சொல்லி வீடு கண்டுபிடிப்பது கஷ்டம். திருவெண்காடு பிள்ளையார் கோயிலடி, எத்தனையாவது ஒழுங்கை என்று சொல்லுங்கள்; ஒருவர் ரோர்ச் லைட்டோடு சந்தியில் நிற்கட்டும். பாம்பு கடித்தாலும் இதே வழிதான். கட்டுவதும் கீறுவதும் வேண்டாம், அம்புலன்ஸ் வரும்வரை கடிபட்ட காலை அசைக்காமல் வைத்திருந்தால் போதும்.

தெரு முடியும் இடத்தில்

அம்புலன்ஸ் இறங்குதுறையோடு நின்றுவிடும். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு நான்குக்கும் தெருவழி இல்லை. நெடுந்தீவில் இரவில் நோயாளி மோசமானால் கடற்படைப் படகை நம்பவேண்டியிருக்கும்; காற்று கடுத்தால் அதுவும் சிக்கல். பேறுகாலம் நெருங்கியதும் பெண்கள் யாழ்ப்பாணத்தில் உறவினர் வீட்டில் வந்து தங்குவதும் இதனால்தான். உறவினர் இல்லாதவர் பாடு சொல்லத் தேவையில்லை.

அசாமில் பிரம்மபுத்திரா ஆற்றுத் தீவுகளுக்கு 2005 முதல் படகு கிளினிக்குகள் போகின்றன. அங்கே வைத்தியர் ஆறு தாண்டுகிறார். இங்கே நோயாளி கடல் தாண்டுகிறார். 2025 செப்டெம்பரில் மண்டைதீவில் சர்வதேச கிரிக்கெட் மைதானத்துக்கு அடிக்கல் நட்டார்கள். மைதானம் வரட்டும், நல்லது. நடமாடும் இரத்தப் பரிசோதனைக்கு அவ்வளவு காசு செலவாகாது.

அதுவரைக்கும், வருத்தம் கட்டுப்பாட்டில் இருப்பவர்கள் மாத மருந்தைத் தங்கள் தீவுக்குக் கிட்டிய ஆஸ்பத்திரியிலேயே எடுக்கத் துண்டு எழுதித்தரும்படி நிபுணரிடம் கேட்கலாம். கேட்காமல் பெரும்பாலும் யாரும் எழுதித் தரமாட்டார்கள்.