டென்மார்க்கும் தென்னார்க்காடும்

விழுப்புரம், திண்டிவனம் சுற்றுவட்டாரக் கிராமங்களில் பிரசவம் என்றால் முன்பெல்லாம் ஊர் மருத்துவச்சியை அழைப்பதே வழக்கம். அவருடைய கைக்கு மீறிய சிக்கல் நேர்ந்தால், மாட்டுவண்டி கட்டி நகரத்து ஆஸ்பத்திரிக்கு விரைய வேண்டும். வழியிலேயே உயிர் பிரிந்த தாய்மார் பலர்.

1993-இல் விழுப்புரம் தனி மாவட்டமாகும் வரை இவ்விரு ஊர்களும் தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்தவை. அந்த மாவட்டத்திலும் சேலத்திலும் 1981-இல் ஒரு சுகாதாரத் திட்டம் தொடங்கிற்று. பொருளுதவி அளித்தது டென்மார்க் அரசின் வளர்ச்சி உதவி அமைப்பான 'டானிடா'. நடத்தியது தமிழக அரசு. சமவெளியில் ஐயாயிரம் மக்களுக்கு ஒரு துணைச் சுகாதார நிலையம் என்பது நம் நாட்டு அரசின் கணக்கு. ஆனால் கட்டடம் இல்லாத நிலையமும், தங்க வீடில்லாத செவிலியரும் இருந்து என்ன பயன்? நள்ளிரவில் வலி கண்ட பெண்ணுக்குச் செவிலியர் ஊரிலேயே இருப்பதன்றோ உதவி! எனவே நிலையங்களைக் கட்டுவதும் பணியாளருக்குப் பயிற்சியளிப்பதும் அத்திட்டத்தின் முக்கிய வேலைகளாயின.

டேனியர் நமக்குப் புதியவர் அல்லர். 1620-இல் தஞ்சை இரகுநாத நாயக்கருடன் உடன்படிக்கை செய்து தரங்கம்பாடியில் கோட்டை கட்டியவர்கள்; 1845-இல் அதனை ஆங்கிலேயருக்கு விற்றுச் சென்றவர்கள். அன்று வந்தது வாணிபத்துக்காக என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை.

1986-இல் அதே நாட்டின் உதவியுடன் தமிழகத்தில் உழவர் மகளிருக்கான பயிற்சித் திட்டமும் தொடங்கியது. நாற்று நடுவதும் களை பறிப்பதும் பெண்கள்; ஆலோசனை பெறுவதோ ஆண்கள் என்றிருந்த விந்தையை அது ஓரளவு மாற்றிற்று. பெண் வேளாண் அலுவலர்கள் கிராமத்துக்கே சென்று விதைத் தேர்வு, விதை நேர்த்தி, நுண்ணுயிர் உரம் முதலியவற்றைக் கற்பித்தனர். கற்றவர் அண்டை வீட்டாருக்கும் சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு.

1998 மே மாதம் பொக்ரானில் இந்தியா அணுச் சோதனை நடத்தியது. அதனைக் கண்டித்த டென்மார்க், இந்தியாவுக்கான உதவியைப் படிப்படியாக நிறுத்த முடிவு செய்தது. பின்னர் 2003-இல் இந்திய அரசும், ஜப்பான், பிரிட்டன், அமெரிக்கா, ஜெர்மனி, ரஷ்யா, ஐரோப்பியக் கூட்டமைப்பு ஆகியவற்றைத் தவிர்த்த சிறிய கொடையாளரின் நேரடி உதவி வேண்டாம் என அறிவித்தது. தன்மானமுள்ள ஒரு நாடு அவ்வாறு சொல்வதில் தவறில்லை என்றே நாமும் கருதுகிறோம். எனினும் தலைநகரங்களின் இந்தக் கோபதாபங்களில் திண்டிவனத்துக் கர்ப்பிணிக்கு எந்தப் பங்கும் இல்லை.

நல்லவேளையாக, கிராம சுகாதாரச் செவிலியர் நம் அரசின் ஊழியர். ஆகவே டேனிய உதவி நின்றபோது அவர் பணி நிற்கவில்லை.

2020 செப்டம்பர் 28-இல் இரு நாட்டுப் பிரதமர்களும் பசுமைக் கூட்டுறவு ஒப்பந்தம் ஒன்றை அறிவித்தனர். இப்போதைய பேச்சு காற்றாலை, நீர் மேலாண்மை, தொழில் நுட்பம் பற்றியது. கொடுப்பவர், பெறுபவர் என்ற பழைய முறை அதில் இல்லை. செவிலியர் குடியிருப்பின் கூரை ஒழுகினால் மனுவைக் கோபன்ஹேகனுக்கு அனுப்ப இயலாது. சென்னைக்குத்தான் அனுப்ப வேண்டும்.