மின்கம்பி எட்டாத வீட்டுக்கு எந்தப் பேட்டரி?

புதுக்கோட்டை மாவட்டத்தில் சோலார் பேட்டரியைக் கெடுக்கும் பருவங்கள் இரண்டு. சித்திரை, வைகாசி மாதங்களில் வெப்பம் அதன் உட்பகுதியை அரிக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் நாட்கணக்கில் மூடிக்கிடக்கும் வானம் அதை அரைகுறை மின்னேற்றத்திலேயே கிடக்கவைக்கிறது. ஈய அமில பேட்டரிக்கு இவ்விரண்டுமே பகை. லித்தியம் பேட்டரிக்கோ வெப்பம் ஒன்றுதான், அதுவும் ஓரளவுக்குத்தான் பகை. மின்வாரியக் கம்பி எட்டாத தோட்டத்து வீட்டுக்கும் காவல் கொட்டகைக்கும் எது நம்பகமானது என்று ஆராயப் புகுவோர், கடைக்காரரின் விலைப்பட்டியலை விடுத்து இந்த இடத்திலிருந்து தொடங்குவதே முறை.

ஈய அமில பேட்டரி 1859ஆம் ஆண்டு பிரெஞ்சு அறிவியலாளர் காஸ்தோன் பிளாந்தே உருவாக்கியது. ஈயத் தகடும் ஈய டை ஆக்சைடு தகடும் நீர்த்த கந்தக அமிலத்தில் மூழ்கியிருக்கும் ஒவ்வோர் அறையும் ஒரு மின்கலம். ஒரு கலம் ஏறத்தாழ 2 வோல்ட் தருவதால், ஆறு கலங்களை வரிசையாக இணைத்தால் 12 வோல்ட் பேட்டரி கிடைக்கிறது. மின்சாரத்தை எடுக்க எடுக்க இருவகைத் தகடுகளின் மீதும் ஈய சல்பேட் படிகிறது, அமிலம் நீர்த்துப்போகிறது. உடனடியாக மீண்டும் மின்னேற்றினால் அந்தப் படிவு கரைந்து பழைய நிலை திரும்புகிறது. அப்படி ஏற்றாமல் வாரக்கணக்கில் விட்டுவிட்டால் நுண்ணிய படிகங்கள் பருத்து இறுகிவிடுகின்றன. அவை பிறகு எளிதில் கரைவதில்லை, தகட்டின் அந்தப் பகுதி வேலை செய்வதும் இல்லை. சல்பேட் ஏற்றம் எனப்படும் இந்த நோய்தான், ‘செல் போயிடுச்சு’ என்று மெக்கானிக் கைவிரிக்கும் பல பேட்டரிகளின் உண்மையான கதை. இதைக் கண்டறியும் கருவி எளியது. நுனியில் ரப்பர் குமிழ் பொருத்திய கண்ணாடிக் குழாயால் அமிலத்தை உறிஞ்சி, உள்ளே மிதக்கும் அளவுகோலில் அடர்த்தியைப் படிக்க வேண்டும். முழுதும் ஏறிய பேட்டரியில் ஐந்து கலங்கள் 1.24 காட்டும்போது ஆறாவது கலம் மட்டும் 1.15 காட்டினால், அந்த ஒன்று மற்ற ஐந்தையும் சேர்த்துக் கீழே இழுத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

வெப்பத்தின் கேடு இன்னும் மெதுவானது. இந்தியத் தர நிர்ணயங்கள் பேட்டரியின் திறனை 27 பாகை செல்சியஸ் வெப்பநிலையை அடிப்படையாகக் கொண்டு குறிக்கின்றன; அதற்குமேல் ஒவ்வொரு 8 முதல் 10 பாகை உயர்வுக்கும் ஈய அமில பேட்டரியின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது துறையினர் நெடுங்காலமாகக் கைக்கொள்ளும் கணக்கு. கோடையில் நிழலிலேயே 38, 40 பாகையைத் தொடும் ஊரில், தகரக் கூரையின் கீழ்ச் சன்னலில்லாத மூலையில் பேட்டரியை வைப்பவர், ஐந்தாண்டு என்று வாங்கிய பொருளை இரண்டரை ஆண்டாகச் சுருக்கிக்கொள்கிறார். வெப்பம் கூடினால் நீரும் விரைவாகக் குறையும். அதை ஈடுசெய்யக் காய்ச்சி வடித்த நீரையே ஊற்ற வேண்டும் என்றிருக்க, அவசரத்துக்கு ஆழ்துளைக் கிணற்று நீரை ஊற்றிவிடுவதும் உண்டு. அந்நீரின் உப்புகளும் இரும்பும் தகட்டுக்கு நஞ்சு.

பேட்டரியின் அளவை எப்படிக் கணக்கிட வேண்டும் என்பதற்குத் தமிழ்நாட்டுச் சான்றொன்று உண்டு. 2011-12இல் தொடங்கிய முதலமைச்சரின் சூரிய மின்சக்தியுடன் கூடிய பசுமை வீடுகள் திட்டத்தில், ஆண்டுக்கு 60,000 வீதம் 300 சதுர அடி வீடுகள் கட்டவும், ஒவ்வொரு வீட்டிலும் சூரிய ஒளியில் இயங்கும் ஐந்து சி.எஃப்.எல். விளக்குகள் பொருத்தவும் திட்டமிடப்பட்டது. விளக்குக்கு 11 வாட் எனக் கொண்டு ஐந்தையும் ஐந்து மணி நேரம் எரித்தால் 275 வாட்-மணி செலவாகும். 12 வோல்ட் பேட்டரியில் அது ஏறத்தாழ 23 ஆம்பியர்-மணி. ஈய அமில பேட்டரியின் கொள்ளளவில் பாதிக்குமேல் நாள்தோறும் எடுத்தால் ஆயுள் சரியும் என்பதால், ஓர் இரவுக்கே 46 ஆம்பியர்-மணி தேவை. வெயிலில்லாத இன்னொரு நாளையும் தாங்க வேண்டுமானால் 92. கார்த்திகை மழையில் ஒரு நாள் மேகமூட்டத்தோடு எப்போது நின்றிருக்கிறது? முதலில் விலையைப் பார்த்துச் சிறிய பேட்டரியை வாங்கி, அடுத்த ஆண்டு ஒரு மின்விசிறியையும் அதில் மாட்டிவிட்டு, மூன்றாம் ஆண்டு சோலாரே பயனற்றது என்று ஒதுக்குவது இங்கே பரவலாக நடப்பது. குற்றம் பெரும்பாலும் பேட்டரியின் வேதியியலில் இல்லை, இந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

ஆயினும் கணக்கு சரியாக இருந்தாலும் ஈய அமில பேட்டரிக்குச் சூரியனோடு ஓர் இயல்பான பொருத்தக்குறை உண்டு. அது ஐந்தில் நான்கு பங்கு வரை விரைவாக மின்னேற்றம் பெற்றுக்கொண்டு, கடைசிப் பங்கை மிக மெதுவாக, மணிக்கணக்கில் வாங்குகிறது. அது நிறைவதற்குள் மாலை வந்துவிடுகிறது. மேலும், உள்ளே செலுத்தும் 100 பங்கு மின்சாரத்தில் ஏறத்தாழ 80 பங்கையே அது திருப்பித் தருகிறது. லித்தியம் பேட்டரி 95 பங்கு வரை திருப்பித் தருவதோடு, ஏறக்குறைய நிறையும்வரை முழு வேகத்தில் மின்னேற்றத்தை ஏற்கிறது; பாதி நிரம்பிய நிலையில் மாதக்கணக்கில் கிடந்தாலும் அதற்குக் கேடில்லை.

லித்தியம் என்ற பொதுப்பெயரில் பல வகைகள் உள்ளன. வீட்டுச் சோலாருக்கு ஏற்றது லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை. கைபேசிகளில் உள்ள கோபால்ட் வகையைவிட இது கனமானது, ஆனால் எளிதில் தீப்பிடிக்காதது. இதன் பிறப்பில் தமிழர் ஒருவரின் கையும் இருக்கிறது. தென் தமிழ்நாட்டுச் சிற்றூரொன்றில் பிறந்து, மதுரையிலும் சென்னை ஐ.ஐ.டி.யிலும் பயின்ற ஆறுமுகம் மந்திரம், 1980களில் ஜான் குட்இனஃபுடன் இணைந்து, இரும்பு சல்பேட் போன்ற சேர்மங்கள் நேர்மின்வாயாகச் செயல்பட முடியும் என்று காட்டினார். அந்த வழியில் சென்ற குட்இனஃபின் டெக்சாஸ் ஆய்வுக்குழு 1997இல் இரும்பு பாஸ்பேட்டைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டது. 2019இல் வேதியியல் நோபல் பரிசு பெற்ற குட்இனஃபுக்காக அந்தப் பரிசு உரையை நிகழ்த்தியவரும் மந்திரமே. புதுக்கோட்டைக்குப் பக்கத்திலேயே, அழகப்ப செட்டியார் வழங்கிய நிலத்தில் எழுந்து 1953இல் திறக்கப்பட்ட காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனமும் ஈயம், லித்தியம் ஆகிய இருவகை பேட்டரிகளையும் ஆய்ந்துவருகிறது.

இரும்பு பாஸ்பேட் கலம் 3.2 வோல்ட் தருவது. நான்கு சேர்ந்தால் 12.8. நல்ல குழாய்த்தகட்டு ஈய பேட்டரி, அதாவது டியூபுலர், பாதி ஆழம்வரை பயன்படுத்தினால் ஏற்றி இறக்கும் ஆயிரத்துச் சொச்சம் சுற்றுகள் தாங்கும் என்றால், இது 80 விழுக்காடு ஆழத்திலும் பல ஆயிரம் சுற்றுகள் தாங்கக்கூடியது. இவ்வளவு உறுதியான பொருள் பழுதாகும்போது மட்டும் அதன் குணம் மாறிவிடுகிறது. ஈய பேட்டரி முன்னறிவித்துச் சாகும்: முதலில் விளக்கு ஒன்பது மணிக்கு மங்கும், பிறகு எட்டு மணிக்கு. லித்தியம் பேட்டரியோ ஒவ்வொரு கலத்தையும் கண்காணிக்கும் பி.எம்.எஸ். என்ற மின்னணுப் பலகையின் ஆணைக்குக் கட்டுப்பட்டது. ஒரு கலம் எல்லை தாண்டினாலோ வெப்பம் மிகுந்தாலோ அப்பலகை ஒரு நொடியில் முழு இணைப்பையும் துண்டித்துவிடும். அதன் வோல்ட் அளவு பெரும்பகுதி நேரம் 13.2 அருகிலேயே அசையாமல் நிற்பதால், இன்வெர்ட்டரின் பழைய முள்ளையோ விளக்குப் பட்டையையோ பார்த்து இருப்பை அறியவும் முடியாது. ஈய பேட்டரிக்கென அமைந்த பழைய சார்ஜரில் லித்தியத்தை அப்படியே மாட்டுவதும் தவறு. சமப்படுத்தும் மின்னேற்றம் எனப்படும், 15 வோல்ட்டைத் தாண்டும் அந்த அமைப்பை முதலில் நிறுத்த வேண்டும்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கரையைக் கடந்த கஜா புயலுக்குப் பிறகு ஆலங்குடி, கறம்பக்குடி, கீரமங்கலம் வட்டாரத்தின் பல ஊர்களுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆயிற்று. வாடகை ஜெனரேட்டரில் கைபேசிக்கு மின்னேற்றிக்கொண்ட அந்நாட்களில், மின்வாரியக் கம்பியையே நம்பிய வீட்டு இன்வெர்ட்டர்கள், உள்ளே எந்தப் பேட்டரி இருந்தாலும், சில மணி நேரத்துக்குமேல் உதவக்கூடியவையாக இல்லை. பேட்டரியின் நம்பகம் அதை நிரப்பும் சோலார் தகட்டின் நம்பகத்தைத் தாண்டிப் போவதில்லை. புயல் காற்றுக்கு நிற்கும்படி போல்ட் முறுக்கிய தாங்கி, விலையுயர்ந்த பேட்டரியைவிட முந்திக் கவனிக்கத்தக்கது. பாசனத்துக்கு என்றால் பேட்டரியே வேண்டாம். அரசு மானியத்தில் நிறுவப்படும் சோலார் பம்புகள் வெயிலிருக்கும்போது நேராக ஓடி நீரைத் தொட்டியில் ஏற்றுகின்றன. தொட்டி நீருக்குச் சல்பேட் நோய் இல்லை.

நாள்தோறும் விளக்கும் விசிறியும் ஓட வேண்டிய, கம்பி எட்டாத வீட்டுக்கு இரும்பு பாஸ்பேட் பேட்டரியே தகுந்தது. முதல் விலை கூடுதலாயினும், ஒருமுறை மாற்ற வேண்டிய ஈய பேட்டரியின் விலையைச் சேர்த்துப் பார்த்தால் அந்த வேறுபாடு பெரிதும் குறைந்துவிடும். மாதத்தில் இரண்டொரு நாள் மின்தடைக்கு மட்டும் வேண்டுவோர், எப்போதும் நிறைந்தே நிற்கும் ஈய பேட்டரியோடு நிம்மதியாக இருக்கலாம். பழையதைக் கொடுத்தால் எடைபோட்டு விலையில் கழித்துக்கொள்ளும் கடைகள் எங்கும் உள்ளன, லித்தியத்துக்கு அந்த வசதி இன்னும் ஊன்றவில்லை. லித்தியம் வாங்குவோர் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு: உத்தரவாதம் ஆண்டுக்கா சுற்றுக்கா, 45 பாகை வெப்பமுள்ள அறையிலும் அது செல்லுமா, பி.எம்.எஸ். பலகை பழுதானால் அறந்தாங்கியிலோ புதுக்கோட்டையிலோ மாற்றித் தருவார்களா, அல்லது பேட்டரியைச் சென்னைக்கு அனுப்பிவிட்டு வீட்டுக்காரர் மண்ணெண்ணெய் விளக்கைத் தேட வேண்டுமா.