முகிலை வாசிக்கப் பழகும் பிள்ளைகள்

தறப்பாள் கூரையின் கீழ் வளரும் பிள்ளையிடம் மழை என்றால் என்னவென்று கேட்டுப் பாருங்கள். "ஒழுகும்" என்று சொல்லும். வயற்கரையில் வளர்ந்த பிள்ளையோ, தகப்பனுக்குக் கஞ்சி கொண்டுபோகும் வழியில் வடகிழக்கு மூலை கறுப்பதைக் கண்டால், காயப்போட்ட நெல்லை அள்ள வீட்டுக்கு ஓடும். அதற்கு யாரும் பாடம் நடத்தியதில்லை.

காணியை விட்டுப் புறப்பட்டபோது உறுதியையும் அடையாள அட்டையையும் எடுத்துக்கொண்டீர்கள். வானம் பார்க்கும் அறிவும் உங்களோடு வந்தது. ஆனால் கூட்டிச்செல்ல வயல் இல்லாதபடியால் அது பிள்ளைக்குக் கைமாறுவதில்லை. மீளக்குடியேறும் நாளில் காணி கிடைத்தாலும், விதைப்புக்கு நாள் பார்க்கத் தெரிந்தவர்கள் அதில் இருப்பார்களா? ஆரம்ப வகுப்புகளின் சுற்றாடல் பாடத்தை நாம் இந்தக் கண்ணோடு பார்க்கவேண்டும். முகிலைப் படத்தில் காட்டி நிறம் தீட்டச் சொல்வது போதாது. பிள்ளைகளை முற்றத்துக்குக் கூட்டிச்செல்ல வேண்டும்.

முகில்களுக்கு இன்று உலகெங்கும் வழங்கும் பெயர்முறைக்கு 1802இல் அடித்தளமிட்டவர் லூக் ஹாவார்ட் என்னும் இலண்டன்வாசி. மருந்துப்பொருட்கள் தயாரிப்பது அவர் தொழில். வானத்தைப் பார்த்தது ஆர்வத்தினால். அவர் கண்ட அடிப்படை வடிவங்கள் மூன்று: கீற்று, திரள், படை. ஏழு வயதுப் பிள்ளைக்கு இந்த மூன்றும் போதும். குதிரைவால், பஞ்சு, போர்வை என்று அவர்களே பெயர் வைத்தால் இன்னும் நல்லது.

கீற்று முகில் மிக உயரத்தில் பனிக்கட்டித் துகள்களால் ஆனது. அதிலிருந்து நிலத்துக்கு மழை வராது. திரள் முகில் காலையில் சிறு பஞ்சாக நின்றால் பயமில்லை. அதுவே மத்தியானத்துக்குப் பின் கோபுரமாக எழும்பி அடி கறுத்தால் இடியுடன் மழை வரலாம். ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் பின்னேரங்களில் நாம் காண்பது இதைத்தான். படை முகில் வானம் முழுவதையும் மூடும். அது தடித்துக் கறுத்தால் மாரியில் நாட்கணக்காகப் பெய்யும் அடைமழை வரும்.

முகில் எப்படி உண்டாகிறது என்று பிள்ளைகள் கேட்பார்கள். ஒரு பிளாஸ்ரிக் சோடாப் போத்தலில் கொஞ்சம் இளஞ்சூட்டு நீர் விடுங்கள். அணைத்த தீக்குச்சியின் புகையை உள்ளே விட்டு மூடியை இறுக்குங்கள். போத்தலை நன்றாக நெரித்துப் பின் சட்டென்று விடுங்கள். உள்ளே வெண்புகார் தோன்றும். நெரித்த காற்று விரியும்போது குளிர்கிறது. குளிர்ந்த நீராவி புகைத் துகள்களைப் பற்றித் துளியாகிறது. மேலெழும் ஈரக்காற்றுக்கு வானத்தில் நடப்பதும் இதுவே. செலவு ஒரு தீக்குச்சி.

மழையை அளக்க, பக்கங்கள் நேரான வெற்றுப் பால்மா ரின் ஒன்று போதும். கூரைக்கும் மரத்துக்கும் எட்டத்தில், வெளியிடத்தில் வைத்து, நாள்தோறும் காலை 8.30 மணிக்கு அடிமட்டத்தால் அளந்து ஊற்றிவிட வேண்டும். ரின்னில் 10 மில்லிமீற்றர் நின்றால் ஒரு சதுர மீற்றர் நிலத்தில் 10 லீற்றர் விழுந்திருக்கிறது. அப்படியென்றால் ஒரு ஏக்கரில் ஏறக்குறைய 40,000 லீற்றர்! பெருக்கல் கணக்கை வெறுக்கும் பிள்ளையும் இந்தக் கணக்கைச் செய்து பார்க்கும்.

ஒரு கம்பில் துணித்துண்டைக் கட்டினால் காற்றின் திசை தெரியும். அந்தத் திசைகளுக்கு வாடை, கொண்டல், சோளகம், கச்சான் என்று எம்மிடம் பெயர்கள் உண்டு. இவற்றைச் சொல்லிக்கொடுக்கத் தகுதியானவர்கள் பாட்டன்மார்தான். மட்டக்களப்பில் கச்சான் ஏன் சுடுகிறது என்றும் அப்போது விளக்கலாம். தென்மேற்குக் காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, மறுபுறம் வரண்டு இறங்குகிறது.

பெரியவர்கள் சொல்வதெல்லாம் சரியென்று நான் சொல்லவரவில்லை. எறும்பு முட்டை காவினால் மழை, தும்பி தாழப் பறந்தால் மழை என்பார்கள். பிள்ளைகள் அவற்றையும் கொப்பியில் எழுதி, மழை வந்ததா என்று அடுத்த நாள் பார்த்துக் குறிக்கட்டும். விஞ்ஞானம் தொடங்குவது அங்கேதான்.

சில விடயங்களைச் சோதித்துப் பார்க்க விடமுடியாது. மின்னலுக்கும் இடிக்கும் இடையே 3 செக்கன் என்றால் மின்னல் ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர் தூரத்தில் விழுந்திருக்கிறது. 30 எண்ணுமுன் இடி கேட்டால் உடனே உள்ளே போகவேண்டும். தனிமரமும் தறப்பாள் கொட்டிலும் காப்பாற்றா. பாடசாலை போன்ற கல் கட்டடம் வேண்டும்.

1978 நவம்பர் 23இல் மட்டக்களப்பைச் சிதைத்த சூறாவளியைக் கண்டவர்கள் இன்னும் எம்மிடையே இருக்கிறார்கள். அவர்களை வகுப்புக்கு அழையுங்கள். சூறாவளியின் கண் ஓரிடத்தைக் கடக்கும்போது காற்று ஓய்ந்து வானம் வெளிக்கக்கூடும். முடிந்தது என்று வெளியே வரக்கூடாது. சற்றுப் பின் எதிர்த்திசையிலிருந்து மீண்டும் அடிக்கும். இதைப் பிள்ளைகள் வாய்ப்பாடுபோல் மனதில் வைத்திருக்க வேண்டும்.

கொப்பியில் நான்கு நிரல்கள் போதும்: திகதி, முகில், காற்று, மழை. ஒக்டோபர் முதலாம் திகதி தொடங்கினால் பெரும்போக மழை முழுவதும் அதில் அகப்படும். பாடசாலை விடுமுறையில் ரின்னை யார் பார்ப்பது என்பதை மட்டும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.