3 புலியை மடக்கும் 15 ஆடுகள்!
காசு போகாத ஆட்டம்: புதுசாக ஆடுவோர் கவனத்துக்கு

புதுக்கோட்டை,

செல்போனில் பணம் கட்டி ஆடி நடுத்தெருவுக்கு வந்த குடும்பங்கள் பல. அந்த ஆட்டங்களுக்கு 2025-ம் ஆண்டு மத்திய அரசு தடைச் சட்டம் கொண்டு வந்தது.

காலணா செலவில்லாத ஆட்டம் ஒன்று நம்மிடமே இருக்கிறது. மரத்தடியில் கரிக்கோடு கிழித்து ஆடும் ஆடு-புலி ஆட்டம்தான் அது!

ஒருவர் புலி, மற்றவர் ஆடு. மாறி மாறிக் காய் வைக்க வேண்டும். கோடுகள் சந்திக்கும் இடம் 23. புலி 3, ஆடு 15.

ஆட்டுக்கு அந்தப்பக்கம் நேர்கோட்டில் காலி இடம் இருந்தால் புலி தாண்டி வெட்டிவிடும். 3 புலியும் நகர வழியில்லாமல் மாட்டிக்கொண்டால் ஆட்டுக்கு ஜெயம்.

பெரிசுகள் கணக்கு

புதுசாக வருகிறவர்கள் புலிதான் வேண்டும் என்று அடம்பிடிப்பார்கள். ஆடிப் பழகிய பெரிசுகளோ ஆட்டுப் பக்கம் உட்காருவார்கள். ஏன் தெரியுமா?

15 ஆடும் சேதமில்லாமல் இறங்கிவிட்டால் காலி இடம் 5 தான். அப்புறம் புலி திணறும்!

ஒத்தை ஆடு கூடாது

முதல் ஆடுகளைக் கோடு முடிகிற மூலைகளில் வையுங்கள். அங்கே புலி தாண்ட இடமிருக்காது.

நடுவில் வைத்தால் பின்னால் இன்னொரு ஆடு துணை வேண்டும். ஒத்தை ஆடு புலிக்கு இரை.

15-வது ஆடு இறங்கும்வரை வைத்த ஆட்டை நகர்த்தக்கூடாது.

புலிக்காரர் மூலையில் ஒதுங்கினால் கூண்டுதான். பல கோடு கூடும் இடமே பத்திரம்.

எத்தனை ஆடு போனால் தோல்வி என்பது ஊருக்கு ஊர் மாறும். முதலிலேயே பேசிக்கொள்ளாவிட்டால் தகராறு!

தோற்றால் போவது கூழாங்கல் மட்டும். பொறுக்கி வைத்தால் மறு ஆட்டம்!