வளர்ந்துவிட்ட பைக்கஸ் மரத்தைக் குறுமரமாக்கலாம்

இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர்ப் பகுதி வீடுகளில் அழகுக்காக வாங்கி வைத்த பைக்கஸ் செடி, சில ஆண்டுகளில் கூரையை முட்டும் அளவு வளர்ந்துவிடுகிறது. ஒளி போதாமல் அடியில் இலையின்றி உச்சியில் மட்டும் தழைத்து நிற்கும். இதைத் தெருவில் வைத்து விடுகிறார்கள். அல்லது சுவரோரம் நடுகிறார்கள். சுவரோரம் நடுவது அதைவிடத் தவறு. ஆலும் அரசும் சேர்ந்த இனம் இது. சுவரையும் தண்ணீர்த் தொட்டியையும் வேர் பிளந்துவிடும். தடித்த அடிமரம் உள்ள இத்தகைய செடியே போன்சாய் எனும் குறுமரம் பழகத் தொடங்குவோருக்கு ஏற்றது.

இந்த இனத்தின் உயிர்ப்பிடிப்பை நாம் அறிவோம். அடையாறு பிரம்மஞான சபைத் தோட்டத்து ஆலமரம் 1989-இல் புயலில் நடு அடிமரத்தை இழந்தும் விழுதுகளின் துணையால் இன்றும் நிற்கிறது. ஆனால் இதை நம்பித் தலையையும் வேரையும் ஒரே நாளில் வெட்டித் தட்டில் வைப்பதுதான் புதியவர்கள் செய்யும் பெரும் பிழை. வீட்டுக்குள் ஒளியின்றி மெலிந்த செடி அதைத் தாங்காது.

முதலில் வெளிச்சம்

தை மாதத்தில் செடியை வெளியே கொணர்ந்து, இரண்டு மூன்று வாரம் நிழலிலும், பிறகு காலை வெயிலிலும் வைக்க வேண்டும். பழைய இலைகள் உதிர்ந்தால் அஞ்ச வேண்டாம். வெயிலுக்குப் பழகிய புதிய இலைகள் வரும். அவை வந்த பின்னரே கத்தியை எடுக்கலாம்.

கவாத்து

மாசி, பங்குனி மாதங்கள் ஏற்றவை. கத்திரி வெயிலில் செய்யலாகாது. வெட்டும் முன் எந்த வகை என்று பாருங்கள். இலை தடித்து, நுனி மழுங்கியிருந்தால் மைக்ரோகார்ப்பா. வெறும் கட்டையிலிருந்தும் எளிதில் துளிர்க்கும். இலை மெல்லியதாய், நுனி வால்போல் நீண்டு, கிளைகள் தொங்கினால் பெஞ்சமினா. இதை முருங்கையைப் போல் மொட்டையடித்தால் கிளை காய்ந்துவிடக்கூடும். ஒவ்வொரு கிளையிலும் சில இலைகளையாவது விட்டு வெட்ட வேண்டும். உயரத்தைக் குறைக்க, தாழ்வான ஒரு பக்கக் கிளைக்குச் சற்று மேலே சாய்வாக வெட்டி, அக்கிளையையே புதிய உச்சியாக்கலாம். தாழ்வான கிளை இல்லையேல் ஒரே வெட்டில் குறைக்காமல், உச்சியைப் பாதியளவு குறைத்து, அடியில் துளிர் வந்த பின் மீண்டும் குறைப்பது நலம்.

வெட்டில் பால் வடியும், கண்ணில் படக்கூடாது. ஈரத்துணியால் ஒற்றி எடுத்து, பெரிய காயங்களில் போர்டோ பசை தடவலாம். புதுக் கொம்பில் ஆறு, எட்டு இலை வந்ததும் இரண்டு மூன்று இலை விட்டுக் கிள்ளினால் கிளைகள் பெருகும். கிளையை வளைக்க அலுமினியக் கம்பி சுற்றலாம். உப்புக் காற்றில் இரும்புக் கம்பி துருப்பிடித்துவிடும். பைக்கஸ் விரைவில் பருக்கும். மாதம் ஒரு முறை பார்த்து, கம்பி பட்டையில் பதியும் முன் வெட்டி எடுத்துவிட வேண்டும்.

வேரைத் தொடுவது மறு ஆண்டு

ஆடியிலேயே தட்டுக்கு மாற்றக் கை துறுதுறுக்கும். மறு ஆண்டு மாசி வரை பொறுத்திருங்கள். அப்போது வேரில் மூன்றில் ஒரு பங்குக்கு மிகாமல் நீக்கி, அகன்ற தட்டில் வடிகால் துளையுடன் நடலாம். சிறு செங்கல் துண்டு இரண்டு பங்கு, பருமணல் ஒரு பங்கு, மக்கிய தொழு உரம் ஒரு பங்கு கலந்தால் போதும். கடற்கரை மணல் இங்கே கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கிறது என்று அள்ளி வரக்கூடாது, அதில் உப்புண்டு.

உப்பும் தூசும்

மீஞ்சூர் முதல் இக்கடற்கரைப் பகுதியில் பல இடங்களில் ஆழ்குழாய் நீர் உவர்ப்பானது. இலை நுனி கருகி, தொட்டி விளிம்பில் வெள்ளைப் படிவு தெரிந்தால் உப்பு ஏறுகிறது என்று பொருள். குழாய் நீரையோ சேமித்த மழை நீரையோ பயன்படுத்தி, மாதம் ஒரு முறை அடியில் வழியும் வரை ஊற்றி உப்பைக் கழுவி விடுங்கள். லாரிப் போக்குவரத்தின் தூசும் அனல் மின் நிலையச் சாம்பலும் இலையில் படியும் வீதிகளில் வாரம் ஒரு முறை இலைகளை நீர் தெளித்துக் கழுவ வேண்டும். மாவுப்பூச்சி கண்டால் லிட்டருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலுடன் கலந்து மாலையில் தெளிக்கலாம்.

ஐப்பசி, கார்த்திகைப் புயல் நாட்களில் தட்டை மாடிக் கைப்பிடிச் சுவரிலிருந்து இறக்கித் தரையில் வைத்துவிடுங்கள்.