இரவுப் படத்தில் காணும் பிராணியை இனங்கண்டறிதல்

தோப்புகளிலும் கோழிக் கொட்டில்களிலும் இரவில் நேரும் சேதத்தின் காரணத்தை அறியும்பொருட்டு, தானே படம் பிடிக்கும் காமிராவை மரத்தில் கட்டிவைக்கும் வழக்கம் குடியானவர்களிடையே பரவி வருகின்றது. இது நல்லதே. ஆயினும், படத்தைத் தவறாக அறிந்துகொள்வதால் விளையும் தீங்கு, படமே எடாதிருப்பதால் விளையும் தீங்கினும் பெரிதாகும்.

சில மாதங்களுக்கு முன் ஒரு கிராமத்துத் தென்னந்தோப்பில் மூன்று கோழிகள் காணாமற் போயின. அங்கு வைத்த காமிராவில், நீண்ட உடலும் புள்ளிகளும் தீப்போல் ஒளிரும் கண்களுமுடைய ஒரு பிராணி பதிவாயிற்று. “சிறுத்தைக் குட்டி” என்று ஊரெங்கும் பேச்சாயிற்று. அன்று மாலையே சிலர் சுருக்குக் கம்பி கட்டவும், இறைச்சியில் விஷங்கலந்து வைக்கவும் முற்பட்டனர். கிராம நிர்வாக அதிகாரி ஒரு நாள் பொறுக்கும்படி அவர்களைக் கேட்டுக்கொண்டு எனக்குத் தகவல் அனுப்பினார்.

இத்தகைய காமிரா, பிராணியின் உடற்சூட்டையும் அசைவையும் உணர்ந்து இயங்குவது. இரவில் கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்புக் கிரணங்களைக் கொண்டு படமெடுப்பதால், நிறம் எதுவும் தெரியாது. யாவும் கறுப்பும் வெளுப்புமாகவே இருக்கும். பசு, ஆடு, நாய் இவற்றின் கண்களுங்கூட அதில் ஒளிரும். ஆகவே ஒளிரும் கண் துஷ்டமிருகத்திற்கு அடையாளமன்று. மேலும், காமிராவுக்கு அருகில் வந்த சிறு பிராணி மிகப் பெரிதாகத் தோன்றும். எனவே பெயரிடுவதற்கு முன் அளந்தறிதல் வேண்டும்.

அளக்கும் முறை எளிது. அரை அடிக்கு ஒரு கோடிட்ட 3 அடிக் கோலைப் பிராணி நின்ற இடத்திலேயே பகலில் நட்டு, காமிராவை அசைக்காமல் மறுபடி ஒரு படம் எடுக்கவேண்டும். இரு படங்களையும் ஒப்பிட்டால் உயரம் விளங்கிவிடும். அவ்வாறு செய்து பார்த்ததில், மேற்படி பிராணியின் தோளுயரம் முக்கால் அடிக்கு மேற்படவில்லை. வளர்ந்த சிறுத்தைக்கு அது சுமார் 2 அடி இருக்கும்.

அளவு சிறிதாயின் குட்டியாகவும் இருக்கலாமன்றோ எனில், அடுத்து வாலையும் உடற்குறிகளையும் கவனிக்கவேண்டும். புனுகுப்பூனையின் புள்ளிகள் உடலில் வரிசையாக அமைந்திருக்கும். வாலில் வளையங்கள் அடுக்காக இருக்கும். மரநாயின் நீண்ட வாலில் வளையங்கள் இரா, முகம் கறுத்திருக்கும். காட்டுப்பூனையின் உடலில் புள்ளிகள் இரா. வால் குட்டையாய், நுனியருகில் மட்டும் கரிய வளையங்களோடிருக்கும். கழுதைப்புலிக்கு உடலிற் கோடுகளும், பின்புறம் தாழ்ந்த முதுகும் உண்டு. இறுதியாகத் தரையிலுள்ள தடத்தைப் பார்க்கவேண்டும். சிறுத்தையின் தடம் சுமார் 3 அங்குல அகலமுடையது. அதில் நகக்குறி பொதுவாகத் தெரியாது. நாயின் தடத்தில் நகக்குறி தெரியும்.

தோப்பில் வந்தது, வளையமிட்ட வாலுடைய புனுகுப்பூனையே. அது கோழியைக் கவர்வது உண்மையே. எனினும் வயலெலிகளைத் தின்று நமக்கு உதவுவதும் அதுவே. கொட்டிலின் கீழ்ப்பலகையில் கையளவு இடைவெளி காணப்பட்டது. அதனை அடைத்த பின் கோழிகள் குறையவில்லை. வைக்கவிருந்த விஷத்தையோ, ஊர் நாய்களும் தின்றிருக்கக்கூடும்.

வனவிலங்குகளைச் சுருக்கிட்டோ விஷமிட்டோ கொல்லுதல் 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். படத்திலிருப்பது சிறுத்தையே என்று தோன்றினால், அதனைத் தேடிக் கூட்டமாகச் செல்லலாகாது. கால்நடைகளையும் குழந்தைகளையும் உள்ளே சேர்த்து, வனத்துறைக்கு உடனே தெரிவிக்கவேண்டும். கால்நடை இறந்திருப்பின், உடலை அப்புறப்படுத்தாமல், படம், தேதி, நேரம் இவற்றோடு கிராம அதிகாரியிடம் அறிவிப்பது இழப்பீடு கோருவதற்கு உதவும்.

ஒரு கோலும் ஒரு நாட்பொறுமையும் செலவற்ற சாதனங்கள். அவற்றைக் கையாண்ட பின்னரே பிராணிக்குப் பெயரிடுவது யாவருக்கும் நலம்.